மூன்றாம் மதிப்பீட்டாளருக்கு

"புதுமை போதவில்லை."
இரண்டே சொல் எழுதியிருந்தீர்கள்.

அந்த மின்னஞ்சல் வந்தபோது
கிராஞ்சி நீர்த்தேக்கத்தில்
முழங்கால் நனைய நின்று
பதினேழாவது புட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன்.
கையுறை விரலுக்குக் கைத்தொலைபேசி
மசியவில்லை.
பல்லால் கடித்துக் கழற்றிவிட்டுப் படித்தேன்.
பாசி நாற்றம் உதட்டில் ஒட்டியது.

இன்று மரினா பே மாநாட்டில்
என் சுவரொட்டிக்கு எண் 212,
கழிப்பறைக்குப் போகும் வழி.
அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.
பக்கத்துப் பலகை நூராய்னி
ஜொகூரிலிருந்து காலை ஐந்துக்கே கிளம்பி
பாலத்தில் இரண்டரை மணிநேரம் நின்று வந்தவள்,
தன் ஒட்டுநாடாவில் பாதி தந்தாள்.
அவளுக்கும் மானியம் இல்லையாம்.
"அடுத்த சுற்று மார்ச்சில்" என்றாள்,
பேருந்து வரும் என்பதுபோல.

என் ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒருவர் நின்றார்.
வடிசவ்வு எங்கே முதலில் அடைக்கிறது என்று கேட்டார்.
ஓரத்தில், என்றேன்.
எல்லோரும் நடுவில் தேடுகிறார்கள், ஓரத்தில்தான்.
தலையாட்டினார். மறுபடி கேட்டார்.
கழுத்து அட்டை திரும்பியிருந்தது, பெயர் தெரியவில்லை.
நீங்களாகவும் இருக்கலாம்.

தொண்டை வறண்டது.
மூலைக் குழாயில் ஒரு குவளை பிடித்தேன்.
யாரோ அரிசி களைந்தது, யாரோ குளித்தது,
போன மாதம் நானே அழுது
முகம் கழுவியதும் கொஞ்சம் இருக்கலாம்.
புதுமை துளியும் இல்லை.

இன்னொரு குவளையும் குடித்தேன்.

மார்ச் விண்ணப்பத்தில்
தலைப்பை மட்டும் மாற்றுகிறேன், ஐயா.
அல்லது அம்மா.