எழுபத்தைந்தாவது நிமிடம்

கழக நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து
தலைகீழாக
டிராப்சோனின் கணக்கை எழுதி வருகிறேன்.
செயலாளர் பனிதாசனுக்குத் தெரியாது.
தெரிந்தால் நோட்டுக்கான ஐம்பது ரூபாயைக் கேட்பான்.

எழுபத்தாறில் முதல் பட்டம்.
இஸ்தான்புல்லை விட்டு வெளியே போகாத லீக் கோப்பை
முதன்முறையாக ஒரு மீன்வாடைக்குள் வந்தது.
ஒன்பது பருவத்தில் ஆறு தடவை.
அதே எழுபத்தாறில் லிவர்பூல் வந்து
ஒன்றுக்குப் பூஜ்யம் தோற்றுத் திரும்பியது.
மறு ஆட்டத்தில் நம்மாட்கள் மூன்று வாங்கினார்கள்;
அதையும் எழுதியிருக்கிறேன்.
கணக்கு என்றால் கணக்கு.

நம்மாட்கள் என்று எப்போது எழுத ஆரம்பித்தேன்
தெரியவில்லை.

கிளாட்சன் சரக்குக் கப்பலில் அந்தத் துறைமுகம் போனவன்.
கருஞ்சிவப்பும் நீலமுமாக ஒரு சட்டை கொண்டுவந்தான்,
முதுகில் அறுபத்தொன்று.
'அங்கேயும் நெத்தோலிதான்லே,
சோளமாவில் புரட்டிப் பொரிக்கான்.
அறுபத்தொண்ணு அவனுக வண்டி நம்பரு.
அறுபத்தொண்ணாவது நிமிசம்
மைதானமே எழும்பி நின்னு கத்தும்.'

எங்கள் வண்டி எண் எழுபத்தைந்து.
எங்கள் ஆட்டமோ
முப்பத்தைந்தும் முப்பத்தைந்தும் எழுபது.
வள்ளவிளையில் கத்துவதற்கு
ஒரு நிமிடம் வருவதேயில்லை.

நோட்டின் முன்பக்கம் வேறு மாதிரி.
ஒவ்வொரு ஈஸ்டருக்கும்
போட்டி தொடங்குமுன் டேப் பிடித்து அளப்பேன்.
தொண்ணூற்றெட்டில் நூற்றிரண்டு மீட்டர்.
இரண்டாயிரத்து ஆறில் தொண்ணூற்று மூன்று.
ஒரு ஆடிக் கடலுக்குப் பிறகு எண்பத்தொன்று.
கடல் பக்கத்து கோல்போஸ்ட்டை
ஆறு தடவை பிடுங்கி நட்டோம்.
ஆறு.
அவர்களுக்கும் ஆறு, எங்களுக்கும் ஆறு என்று
ஒரு நாள் சிரித்தேன், பக்கத்தில் யாருமில்லை.

தூண்டில் வளைவு கேட்டு
நாகர்கோவிலில் கொடுத்த மனுக்களின் நகல்
அதே நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறது.
நோட்டு இப்போது மூட மறுக்கிறது.

கிளாட்சன் போன வருடம்
ஒரு விஷயம் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.
டிராப்சோன்காரர்களின் புது ஸ்டேடியம்
கடலைத் தூர்த்துக் கட்டியது.
மண்ணும் கல்லும் கொட்டிக் கொட்டி
கருங்கடலைப் பின்னால் தள்ளி
அதன்மேல் புல்.
அன்றிரவு அந்தக் கணக்கை மட்டும்
எழுத முடியவில்லை.
சாதனை என்ற பத்தியிலா
வேறு எதிலா
எங்கே போடுவது?

முப்பத்தெட்டு வருடம் லீக்குக்காகக் காத்திருந்தார்கள்.
இருபத்திரண்டு ஏப்ரல் கடைசி நாளில் கிடைத்தது.
ஜெயிக்கக்கூட இல்லை.
இரண்டுக்கு இரண்டு. சமன்.
அது போதுமாயிருந்தது.

இந்த வருட ஃபைனல், எதிரே பூத்துறை.
எழுபது நிமிடமும் கோல் இல்லை.
நடுவர் ஐந்தும் ஐந்தும் கூட்டிக் கொடுத்தார்.
வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மேசையிலிருந்து எழும்பினேன்.
ஸ்கோர் எழுதுகிறவன் கத்தக் கூடாது,
சட்டம் அது.
'எழுபத்தஞ்சே!' என்று கத்தினேன்.
எதற்கென்று ஒருவனுக்கும் புரியவில்லை,
ஆனாலும் ஊர் கத்தியது.
விசில் என்று நினைத்தானோ என்னவோ
எங்கள் பின்காரன் ரெக்சன்
பந்தைக் கண்மூடி அடித்தான்.
கல்சுவரைத் தாண்டிக் கடலுக்குள்.

மறுநாள் ஆழ்கடலுக்குப் போகவிருந்த
எங்கள் கோல்காரன் முதலில் குதித்தான்.
பிறகு பூத்துறைக்காரர்கள் நாலு பேர்.
பிறகு இரண்டு டீமும்.
வெள்ளைக் கோட்டில் நடுவர் மட்டும்
விசிலை வாயில் வைத்துக்கொண்டு.
இருட்டி விட்டது. வேறு பந்து இல்லை.
காசு சுண்டினார்கள்.

நோட்டில் எழுதியது:
நீளம் எழுபத்து நான்கு மீட்டர்.
பூஜ்யம், பூஜ்யம்.
டாஸில் தோல்வி.
பந்து செவ்வாய்க்கிழமை நீரோடியில் ஒதுங்கியது,
காற்று குறையாமல்.
செலவில் சேர்க்கவில்லை.