மூன்றாவது பூசை

ஞாயிறு ராத்திரி
காணிக்கை எண்ணுவது என் வேலை.
காலை ஆறரைப் பூசைக் காசில் ரசகற்பூரம் மணக்கும்,
பீரோவிலிருந்து நேரே வந்த நோட்டு.
எட்டரைப் பூசையில் சில்லறை கம்மி, உறை அதிகம்.
சாயங்காலம் நாலு மணிப் பூசைக் காசு
ஈரமாக இருக்கும்.
சுண்ணாம்பும் பச்சைத் தோலும் குரோமும் கலந்த வாடை
மூணு தடவை சோப்பு போட்டாலும் விரலை விடாது.
கூட்டிப் பார்த்தால் நாலு மணிதான் அதிகம்.
எழுதிக் கொடுத்தேன்.
பேரவையில் யாரும் அந்தத் தாளைப் புரட்டவில்லை.

பதிவேடுகளும் என்னிடம்தான்.
ஒன்பது வருஷமாக
அடக்கப் புத்தகத்தில்தான் மை தீர்ந்தது.
எங்கள் பிள்ளைகள் ஓசூரில், தோஹாவில், டொராண்டோவில்.
சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும்
வாட்ஸப்பில் கும்பிடுவார்கள்.
ஞானஸ்நானப் புத்தகத்தில்
வெள்ளிப்பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

அப்புறம் இவர்கள் வந்தார்கள்,
தன்பாத் ரயிலில் காட்பாடியில் இறங்கி,
ஷேர் ஆட்டோவில் சிப்காட்டுக்கு,
கழுத்தில் ஜெபமாலையும் கையில் பிளாஸ்டிக் வாளியுமாக.
கெர்கெட்டா. திர்கி. லக்ரா. மிஞ்ச்.
"எந்த க?" என்று கேட்டேன்,
எங்கள் எழுத்தில் இருப்பதே ஒன்றுதான் என்பதை மறந்து.
அந்தப் பெண் சிரித்தாள்.
இடுப்பில் இருந்த குழந்தையும் சிரித்தது.
இந்த வருஷம் இதுவரை நாற்பத்தொரு ஞானஸ்நானம்.
எங்கள் வீட்டுக் குழந்தைகள் அதில் மூன்று.

இஞ்ஞாசி சாமியாருக்கு ஊர் செங்கம்.
இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துத்தான்
பூசை வைத்தார்.
வரிக்கு வரி தடுக்கி விழுந்தார்,
பிதா என்ற சொல்லில் மட்டும் நேராக நின்றார்.

அவர்களுடைய மத்தளத்துக்கு மாந்தர் என்று பேர்.
எங்களுக்கு மாந்தர் என்றால் மனிதர்.
ஒரு ஞாயிறு அது பீடத்துப் பக்கம் வந்தபோது
பேரவைத் தலைவர் தைரியநாதன் எழுந்து போனார்.

செப்டம்பரில் மாதா திருநாள்.
சப்பரத்துக்குப் பதினாறு தோள் வேண்டும்.
எண்ணினால் ஒன்பது, அதில் இரண்டு
பைபாஸ் செய்து வந்த நெஞ்சோடு சேர்ந்தவை.
"வரி கட்டாதவன் தோள வெக்கலாமா?
இன்னா நியாயம் இது?"
என்றார் தைரியநாதன்.
மழை தூறியது. மாதா கோயில் வாசலிலேயே நின்றாள்.
ஷிப்ட் விட்டு அவர்கள் வந்தார்கள்.
ரப்பர் பூட்சைக் கழற்றிச் சுவரோரம் ஜோடி ஜோடியாக வைத்து,
குழாயில் கால் கழுவி,
பிறகுதான் குனிந்தார்கள்.

எங்கள் நடை இரண்டு தட்டு.
மாந்தர் மூன்று தட்டுகிறது.
சப்பரம் ஆடியது,
மின்விளக்குகள் ஆடின,
மாதா ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தாள்.

தூக்கியவர்களுக்கு வழி தெரியாது.
எங்கே திரும்பக் கூடாதென்று
யாரும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை.
எங்களுக்கும் யாரும் சொன்னதில்லை,
தெரியும், அவ்வளவுதான்.
வாடகை அறைக்குத் தினமும் போகிற சந்தில்
சாதாரணமாகத் திரும்பினார்கள்.

அது என் தெரு.

ஐம்பத்திரண்டு வருஷமாக
மெயின் ரோட்டுக்குப் போய் நின்று
நாங்கள் மெழுகுவத்தி காட்டினோம்.
அன்றைக்கு என் வீட்டுப் படியில்
மாதாவின் மாலையிலிருந்து
இரண்டு சம்பங்கி விழுந்தது.
எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.
கிடக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் பேரவை கூடியது.
தீர்மானம் ஒன்று:
அடுத்த வருஷம் சப்பரம் டிராக்டரில் போகும், மெயின் ரோடு வழியாக.
மினிட் புத்தகத்தில் அழகாக எழுதினேன்.
ஓட்டுநர் பெயர் என்ற இடத்தை மட்டும்
காலியாக விட்டிருக்கிறேன்.
எங்கள் பங்கில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர்கள்
யார் யார் என்று
எனக்குத் தெரியும்.