ஆறு மணிக்கு முன்

ஐப்பசி முதல் கிழமை.
ஸ்டோர்க் கண்ணாடியில் பனி முகம் ஒட்டிப் பார்க்கும் இரவு.
மேல்மாடியில் கொழுந்து வாட்டிக்கொண்டிருந்த அமுதவல்லி
தட்டென்று ஒரு சத்தம் கேட்டு இறங்கினாள்.
வாசல் பல்புக்குக் கீழே
ஒரு கைப்பிடி நிறம்.
முதுகு பச்சை, நெஞ்சு தவிட்டு மஞ்சள்,
வாலுக்கடியில் குங்குமம் கொட்டின மாதிரி.
வால் என்று சொல்லத்தான் ஒன்றுமில்லை,
யாரோ பாதியில் நறுக்கிவிட்டார்கள்.

சாம்பிள் பெட்டியில் சாக்கை விரித்து வைத்தாள்.
விடியும்வரை மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.
கடல் தாண்டி வந்த களைப்பு என்றார் டீமேக்கர்.
கடவுச்சீட்டில்லாமல் வந்ததென்று எழுதலாம்தான்.
எங்கள் ஆட்களைப் பக்கத்தில் நிறுத்தி
அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.
அதற்குப் பசித்தது. பூச்சி இங்கே இருந்தது.

அடுத்த நாள் கான் ஓரத்தில்
சருகை அலகால் புரட்டிக்கொண்டு நின்றது.
பிரட்டுக்கு ஆள் கூடுமுன்
இரண்டு விசில்.
பொழுது சாய மறுபடி இரண்டு.
ஆறுமணிக் குருவி.
சவரிமுத்துக் கங்காணியின் கைக்கடிகாரம்
நாலு நிமிடம் பிந்தி ஓடுவது
அது வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

மார்கழியில் யாரும் அதிகம் பேசுவதில்லை.
வெள்ளைக்கண்ணிகள் மட்டும்
இருபது முப்பதாக
முள்ளுமுருங்கையிலிருந்து சவுக்குக்கு
ஒன்று போனால் எல்லாம் போகும்,
ஒன்று எதையோ மறந்து திரும்பி வரும்.
காட்டுச்சேவல் லயத்துக் கோடிவரை இறங்கி
மரியசெல்வத்தின் சேவலோடு மோதும்.
வீட்டுச்சேவல் முழுசாகக் கூவும்.
காட்டுச்சேவலின் கூவல் பாதியில் நிற்கும்,
அரைப்பேர் போட்ட ஆள் மாதிரி.

பங்குனியில் எட்டாம் நம்பர் மலை கவ்வாத்து.
ஒரு பேருக்கு இருநூறு மரம்.
கத்தி போகிற வேகத்தில் கண் போகாது.
நூற்று நாற்பத்தொன்றில் கை நின்றது.
கவட்டுக்குள் ஒரு கிண்ணம்,
புல்லும் சிலந்தி நூலும் பின்னி.
செம்புள்ளி தெறித்த முட்டை மூன்று.
கொண்டைக்குருவி தலைக்கு மேல் நின்று
என் பரம்பரையையே திட்டியது.

அந்த ஒரு மரத்தை விட்டேன்.
"என்ன, பொங்கலுக்கு வச்சிருக்கியா?" என்றார் சவரிமுத்து.
கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
அன்றிரவு நல்ல தூக்கம்.

மூன்றாம் நாள்
மலை முழுக்க முழங்கால் உயரக் குச்சி.
நடுவில் பச்சையாய்த் தலை நிமிர்ந்து
நான் விட்ட மரம்.
இங்கேதான், இங்கேதான் என்று
காட்டிக் கொடுத்துக்கொண்டு.
செம்பகம் பறக்கக்கூட இல்லை.
சம்பளம் வாங்கப் போகிறவர் போல நடந்து வந்தது,
ஏறியது, தின்றது, இறங்கிப் போனது.
வெட்டியிருந்தாலும் போயிருக்கும்தான்.
அதைச் சொல்லிக்கொண்டே
அந்த மரத்தையும் வெட்டினேன்.
இருநூறு.

கொண்டைக்குருவி துக்கம் காக்கவில்லை.
கிழமை திரும்புமுன்
கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்
தராசு தொங்கும் கம்பிமேல் வேறு கிண்ணம்.
தராசு ஆடும்போதெல்லாம் கூடும் ஆடும்.
தண்ணிக்கென்று இரண்டு கிலோ வெட்டும் கணக்குப்பிள்ளை
குருவிக்கு ஒன்றும் வெட்டவில்லை.
இரண்டு குஞ்சு பறந்ததாக ஞாபகம்.

வருஷம் பிறந்து ஒரு கிழமை இருக்கும்,
விடிந்து வெகுநேரமாகியும்
ஆறு மணி ஆகவில்லை.
ஆகியிருந்தது,
சொல்லத்தான் ஆளில்லை.

பிறகு அப்புத்தளைக் காற்று.
ஆனியில் தொடங்கி
கூரைத் தகரத்தின் ஆணியைப் பிடுங்கும்.
தகைவிலான்கள் அதன் முகத்துக்கெதிரே
இறக்கையை அடிக்காமல் நின்று
நின்ற இடத்திலேயே நெடுந்தூரம் பறந்தன.
கொழுந்து சுருங்கியது. அரைப்பேர் கூடியது.

புரட்டாசியில் தண்ணிப் பீலிக்கு
வாலாட்டி வந்துவிட்டது,
போன வருஷத்துக் கல்லிலேயே
வாலை ஆட்டிக்கொண்டு.
அன்றிலிருந்து அமுதவல்லி
இருட்டியதும் ஸ்டோர்க் கண்ணாடியில் சாக்கைத் தொங்கவிடுகிறாள்.
டீமேக்கர் கேட்டால்
பனி உள்ளே வருகிறது என்பாள்.

இன்று விடியற்காலை
கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன்.
கானுக்குள் ஒரு விசில்.
ஒன்றுதான்.
மற்றதற்காகக் கையை நிறுத்தினேன்.
அதற்குள் சவரிமுத்து
என் பேரைக் கூப்பிட்டார்.