புயலுக்கு மூன்றாம் நாள்

கட்டிலுக்கடியில் ஆறு பால்பவுடர்,
இருபத்திரண்டு மெழுகுவர்த்தி.
எண்ணி எண்ணித்
தூக்கம் போனதுதான் மிச்சம்.

கடலூர் முதுநகர் முழுக்க இருட்டு.
எதிர்வீட்டு பெர்னதெத்
ஜெனரேட்டர் வயரை இழுத்து
ஜங்ஷன் பாக்ஸை ஜன்னல் வழியே
தெருவுக்குத் தொங்கவிட்டாள்.
"டீசல் தீர்ந்துடுமே?"
"தீரட்டுமே."

பதினோரு போன்கள்
கொத்தாகக் காய்த்துத் தொங்கின,
என்னுடையதும்.

சாயங்காலம் தீர்ந்துதான் போனது.
சோனங்குப்பத்துப் படகுக்காரர் ஒருவர்
கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்;
காலையில் அந்தப் பெட்டியில் சார்ஜ் ஏற்றித்தான்
மகளின் குரலைக் கேட்டாராம்.

கட்டிலுக்கடியில் கையை விட்டேன்.
ஒரு பொட்டலத்தை
எனக்கு முன்பே எலி
பிரித்து விநியோகித்திருந்தது.

மற்றதை அள்ளிக்கொண்டு வாசலிறங்கி
மறுபடி எண்ணினேன்,
இம்முறை வீடுகளை.
எங்கள் சந்தில் பத்தொன்பது.
வீட்டுக்கு ஒன்று போக
மூன்று மெழுகுவர்த்தி
மிச்சம்.