ஒரு நிமிடம் நாற்பது

பாறசாலை தாண்டி, பூட்டிக் கிடக்கும் முந்திரி ஆலைக்குப் பின்னால்
வாடகைக்கு எடுத்த நீச்சல்குளம்.
மஞ்சள் அடித்த இரும்புக் கூண்டு சங்கிலியில் தொங்கியது.
அதுதான் ஹெலிகாப்டர் என்றார்கள்.
கட்டணம் நாற்பத்திரண்டாயிரம்.
ஜெஸிந்தாவின் மாலை களியக்காவிளை அடகுக்கடையில்.

எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிறவன்
முதலில் கவிழக் கற்க வேண்டுமாம்.

வள்ளவிளைக்காரனுக்குக் கவிழவா சொல்லித்தருவது?
ஆறு முறை கவிழ்ந்திருக்கிறேன்,
ஒரு முறை சுறாத் தூண்டிலோடு, லட்சத்தீவுக்கு இந்தப் பக்கம்.
சிப்பி பறிக்கப் பாறைக்கடியில் இறங்கினால்
மேலே இருப்பவன் பாதி பீடி முடித்திருப்பான்.

கூண்டு இறங்கியது. தலைகீழாய்ச் சுழன்றது.
ஏழு எண்ணினேன், குமிழி அடங்கியது.
ஜன்னலை முழங்கையால் தள்ளி, வாரைக் கழற்றி,
பக்கத்தில் சிக்கிய ஒருவனையும் இழுத்துக்கொண்டு
சிரித்தபடி மேலே வந்தேன்.

பிஜோய் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஒரு மினிட்டு நாப்பது. கொள்ளாம். ஃபெயில்."

நெஞ்சில் கட்டியிருந்தது குட்டி சிலிண்டர்,
தண்ணீர்க்குப்பி அளவு. தொடவே இல்லை நான்.
இரண்டு நிமிடக் காற்று அதில்,
பயந்தவனுக்கு ஒன்று.
அதை இழுத்துவிட்டு அடக்கிக்கொண்டு மேலே வந்தால்
நுரையீரல் கிழியும் என்றார்.
"மூச்சு விடணும். விட்டுட்டே வரணும்."

எங்கள் கரையில், மூச்சை விட்டான் என்றால்
கோயில் மணி அடிப்பார்கள்.
நடுவில் இருப்பது ஓர் ஐகாரம்.

மறுபடி கூண்டு.
மூக்கில் கவ்வி. வாயில் ரப்பர்,
எனக்கு முன்னால் கடித்தவனின் டெட்டால் ருசி.
உலகம் புரண்டது.
தலைக்குமேல் தண்ணீர் இருக்கும்போது
முப்பத்தோரு வருடம் பூட்டியே வைத்த கதவு இது.
ததேயு அதைத் திறந்த ராத்திரிக்குப் பிறகு
எங்களுக்குக் கிடைத்தது ஐஸ்பெட்டியின் மூடி மட்டும்.

நெஞ்சு மாட்டேன் என்றது. பல் இறுகியது.
இழுத்தேன்.

வந்தது.
குளிராக, உலர்ந்து, லேசான இரும்பு வாசனையோடு
ஒரு வாய். பிறகு இன்னொன்று.
சத்தம்தான் அசிங்கம், பன்றி கஞ்சி குடிப்பதுபோல்.
வெளியேற மறந்து அங்கேயே தொங்கினேன்
பக்கத்துச் சீட்டுக்காரன் உதைக்கும்வரை.

திரும்பும் பேருந்தில், செக்போஸ்ட் கடந்ததும்,
எங்கே என்றார் கண்டக்டர்.
வள்ளவிளை என்றேன். தாடை வலித்தது.
"சளி பிடிச்சிருக்கா?"
இல்லை என்று தலையசைத்தேன்.
டிக்கெட்டின் பின்னால் பாக்கி எழுதித் தந்தார்:
பதினான்கு ரூபாய்.
இறங்கும்போது வாங்க மறந்துவிட்டேன்.