தனி லைன்

குளிர்பெட்டி மூச்சு வாங்கும்போதெல்லாம்
என் ஸ்பீக்கரும் கூடவே முனகியது.
மகளின் முடி உலர்த்தி,
பக்கத்து வீட்டு மீன்தொட்டி மோட்டார்,
எல்லாரும் நாகஸ்வரத்துக்குள் வந்து
ஆளுக்கொரு வரி பேசிவிட்டுப் போனார்கள்.

கோல கெட்டிலில் இப்படியொரு வேலைக்கு
சோங்கை யாரும் கூப்பிட்டதில்லை.
தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர்,
என்னைவிடச் சுத்தமாய்த் தமிழ் பேசுவார்.
"ஏர்கானுக்கா?"
இல்லை.
"சுடுதண்ணி ஹீட்டருக்கா?"
இல்லை, பாட்டுக்கு.
கொஞ்ச நேரம் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு,
"பாட்டு எத்தனை ஆம்பியர்?"

மெயின் பொட்டியிலிருந்து கூரைக்குள் ஏறி,
எலிப்புழுக்கையும் பழைய தீபாவளிச் சரவிளக்கும் தாண்டி,
யாருடைய சுவிட்சிலும் நிற்காமல்
முன்னறைச் சுவருக்கு இறங்கியது
நாலு எம்.எம். செம்புக் கேபிள், பதினேழு மீட்டர்.
அதற்கே அதற்கென்று இருபது ஆம்பியர் பிரேக்கர்.
வாழைக்குப் பக்கத்தில் கம்பி அடித்தோம்;
செம்மண் பாதிவரை விட்டது, அப்புறம் கல்.
அதை வீட்டு எர்த்தோடு சேர்த்துக் கட்டினார் சோங்.
"லைன் தனியா இருக்கலாம் சார்,
எர்த் தனியா இருக்கக்கூடாது."

ஆயிரத்து நூற்றைம்பது ரிங்கிட்.
ஏழு பேர் படுக்கும் வீட்டில்
ஒரு பெட்டிக்குத் தனி அறையா என்றாள் பூரணி.

சாயந்திரம் பிரேக்கரைத் தூக்கினேன்.
அந்தத் தடித்த முனகல் போயே போயிருந்தது.
அதற்கு அடியில் இன்னொன்று.
மெல்லிசு.
உட்காராத கொசு.

"கேட்குதா?"
சோங் குந்தி, ட்வீட்டரில் காதை ஒட்டினார்.
"சத்தம் செத்துப்போச்சு."
மாவுக் கையோடு வந்த பூரணிக்கும் ஒன்றுமில்லை.
மகளுக்குப் பதினாலு வயது,
அடுத்த தெருவில் போன் அதிர்ந்தால் சொல்லிவிடுவாள்.
அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
குளிர்பெட்டி. விசிறி. விளக்கு.
கடைசியில் மெயின்.
"சோறு பாதி வேகுது, யார் அடைச்சது?"
இருட்டில் பூரணியின் குரல்,
மேட்டில் கியர் மாற்றும் செம்பனை லாரி,
பிறகு அது.
எந்தக் கம்பியும் இல்லாமல்
ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்குத் தெரிந்த சத்தம்தான்.
எண்ணெய் ஆலை, டர்பைன் அறை, இருபத்திரண்டு வருஷம்.
காதடைப்பான் கொடுத்தார்கள், ஆரஞ்சு நிறம்.
அதை மாட்டினால் மெஷின் என்ன சொல்கிறதென்று
எப்படித் தெரியும் என்று
சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.
துவைப்பில் நாலைந்து ஜோடி போயிருக்கும்.

மெயினைத் தூக்கியதும்
சோங் மார்க்கரை எடுத்தார்.
புது பிரேக்கருக்கு மேலே என்ன எழுதுவதென்று யோசித்து,
"ரேடியோன்னு போடவா?"
போடுங்க.

நாகஸ்வரத்தை வைத்தேன்.
சுத்தமாய் வந்தது.
ஒத்துக்குப் பக்கத்தில், கால் சுருதி தள்ளி,
அதுவும் உட்கார்ந்துகொண்டது,
கடைசிவரை சேராமல்.