பழுப்புப் போத்தல்

நாலாம் குறுக்குத் தெருவை மழை பிடித்துக்கொண்ட பின்னேரம்
கைவண்டித் தகரம் கிழித்த காலோடு வந்தார்
நாட்டாமி ராயப்பன்.
சாரத்தைச் சுருட்டிப் பிடித்த கையில்
வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.
நம்பர் இருபத்தேழு.

அலுமாரியில் பழுப்புப் போத்தல்,
ஐதரசன் பரவொட்சைட்டு.
ஒக்டோபரில் வந்தது, இது ஏப்ரல்.
உடைந்து தண்ணீராவதுதான் அதன் விதி.
ஆனால் உடைவதற்கும் ஒரு மேடு ஏறவேண்டும்.
ஏறுகிறவை ஏறும்,
மற்றவை நாளைக்கு என்று கிடக்கும்.
மூடியைத் திறந்தால் சின்னதாய் ஒரு பெருமூச்சு.
ஆறு மாதக் கதை அவ்வளவுதான்.

காலில் ஊற்றினேன்.
வெள்ளையாய்ச் சீறி எழுந்தது நுரை.
"பால் பொங்குது மிஸ்"
பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

பொங்க வைத்தது அவருடைய இரத்தம்தான்.
கிழிந்த கலங்களிலிருந்து வெளியே சிந்திய நொதியம்.
மடிப்புகளுக்குள்ளே ஒரு மடி,
மடியில் அணுவளவு இரும்பு;
அளவு பிசகவில்லை, ஓர் அணுவேதான்.
வந்ததைப் பிடித்து, சற்றே வளைத்து,
இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் காற்று
என்று பிரித்து விட்டுவிடும்.
நொடி என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
லட்சக்கணக்கில்.
பிறகும் முன்பிருந்தபடியே இருக்கும்,
மடி காலி, அடுத்தது வரட்டும்.

மலையை அது பெயர்ப்பதில்லை.
பக்கத்தில் ஓர் ஒழுங்கை திறக்கிறது.
போகாத ஊருக்கு வழி சொல்லாது.

(மத்தியானம் தின்ற பாண்
எனக்குள் இந்நேரம் சீனியாகிக்கொண்டிருக்கும்.
வாங்காமல் விட்டிருந்தால்
கண்ணாடிப் பெட்டியில் காய்ந்துகொண்டிருக்கும்.)

டொக்டர் நாலு தையல் போட்டார்.
"முதலாளியிட்ட மருந்துக் காசு கேட்டீங்களா?"
"கேக்கணும் மிஸ். மூணு வருஷமா கேக்கணும்.
போன மழைக்கு தோள்பட்டை. அதுக்கு முந்தி இது."
விரலைக் காட்டினார். நகமில்லை.

துண்டில் 'காலில் காயம்' என்று எழுதியிருந்தது.
அதற்கு முன்னால் இரண்டு சொல் சேர்த்தேன்:
வேலை நேரத்தில்.
திகதி. மணி. முத்திரை.
மை போதவில்லை, இன்னொரு தரம் குத்தினேன்,
சாய்ந்துவிட்டது.
மடித்துக் கொடுத்தேன்.

மடிப்பைப் பிரித்து வாசித்தார்.
திரும்பவும் வாசித்தார்.
சாரத்தை இறக்கிவிட்டு
"கடை அஞ்சரைக்குத்தான் பூட்டுவான்" என்றார்,
என்னிடமல்ல.

காசு கிடைத்ததா, தெரியாது.
கிடைக்கிற காசாக இருந்தால் கிடைத்திருக்கும்.
ஜன்னலால் பார்த்தபோது
நின்றுபோன பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் நடுவே
ஆள் நுழைகிற ஓர் இடைவெளி கண்டுபிடித்து
நொண்டியபடி வேகமாகப் போனார்.

தட்டில் நுரை அடங்கியிருந்தது.
மிச்சம் தண்ணீர், ஒரு சருகு.
ஊற்றிவிட்டுக் கை கழுவினேன்.
இருபத்தெட்டு என்று கூப்பிட்டேன்.